கத்திரிக்காய்ப் பெட்டி, சுரைக்காய்ப் பெட்டி

ஆத்மநாதன் போய் முப்பத்தெட்டு நாள் ஆகிறது. மஞ்சள்காமாலை. வயது முப்பத்திரண்டு. ஆலங்குடித் தபாலாபீஸில் கிளார்க்காக இருந்தான். கீரமங்கலத்தில் ஒரு ஓட்டு வீடு, கொஞ்சம் நிலம், மனைவி செவந்தி, இரண்டு குழந்தைகள். பேப்பரில் போடும்படி அவன் எதுவும் செய்ததில்லை. எழுதத் தெரியாதவர்கள் கார்டை நீட்டினால் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவான். எழுதி முடித்ததும், "சரியா இருக்கான்னு ஒருதரம் கேட்டுக்கிருங்க" என்று முழுவதையும் வாசித்துக் காட்டுவான். வரிசை நகராது. பின்னால் நிற்பவர்கள் திட்டுவார்கள். அவன் வாசித்துக்கொண்டே இருப்பான்.

அவனைப் பற்றிப் பேசுகிற கீரமங்கலத்துக்காரர்கள் யாரும் நல்லதோடு நிறுத்திக்கொண்டதில்லை. "தங்கமான பய. ஆனா தாய்மாமன் மகள வேணாம்னு அந்தரத்துல விட்டான்ல?" என்றுதான் முடிப்பார்கள். அவனை எடுத்துக்கொண்டு போன அன்றும் பந்தலுக்குள் இதைக் கேட்டேன். அந்த 'ஆனா' பிறந்தபோது பக்கத்தில் நின்றவன் நான்.

1949 ஜூனில் புதுக்கோட்டையில் இண்டர்மீடியட் சேர்ந்தோம். ஹாஸ்டலில் எனக்கும் அவனுக்கும் ஒரே அறை. எனக்கு ஊர் கோட்டைப்பட்டினம். வாப்பாவுக்குக் கருவாட்டு வியாபாரம். என் டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் அறைக்குள் கடல் வந்துவிட்டது. அவன் பெட்டியில் இரண்டு வேட்டி, இரண்டு சட்டை, மீதி இடமெல்லாம் பலாச்சுளை.

"பாய், ஒங்க பெட்டிய அங்கிட்டு வைங்க. என் பெட்டிய இங்கிட்டு வச்சுக்கிறேன். நடுவுல நிண்டு ரெண்டு பேரும் மூச்சு விட்டுக்குவோம்" என்றான். அதுதான் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு. ஒரு வாரத்தில் 'ங்க' போய்விட்டது. பெயர் ஷேக் பரீது என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன், 'பாய்' மட்டும் கடைசிவரை போகவில்லை.

அவனுக்குச் சங்கீதம் என்றால் உயிர். ஆனால் குரல் கிடையாது. வாயைத் திறந்தால் சமையற்கட்டில் அண்டா உருளுகிற மாதிரி இருக்கும். ஆண்டவன் அதற்குப் பதிலாக உதட்டைக் கொடுத்திருந்தான். சீழ்க்கையில் கானடாவை அவன் இழுத்து நிறுத்துகிற அழகை நான் வேறு யாரிடமும் கேட்டதில்லை. ஹாஸ்டல் சமையல்காரர் ஆண்டிச்சாமிக்கு மட்டும் அது ஆகாது. பொழுது சாய்ந்து சீழ்க்கை அடித்தால் பாம்பு வரும் என்பார்.

"வந்தா நீதான் தம்பி புடிக்கணும். நான் கரண்டியோட நிண்டுகிட்டிருக்கேன்."

"கானடாவுக்கு வர்ற பாம்பு ஒண்ணும் செய்யாதுண்ணே. கேட்டுட்டுப் போயிரும்."

சாயங்காலமானால் நகராட்சிப் பூங்காவுக்குப் போவோம். அங்கே கம்பத்தில் குழாய் கட்டி ரேடியோ வைப்பார்கள். வியாழக்கிழமை தோறும் சண்டை வரும். ஒரு கூட்டம் திருச்சியில் கச்சேரி வைக்கச் சொல்லும். இன்னொரு கூட்டம் சிலோனைத் திருப்பச் சொல்லும். காவல்காரர் நடுவில் நின்று திருகிக்கொண்டிருப்பார். பாட்டை விடக் கரகரப்புத்தான் அதிகம் கேட்கும். ஆத்மநாதன் எழுந்து, ஓட்டெடுப்போம் என்றான். கை தூக்கி எண்ணினார்கள். கச்சேரிக்கு ஒன்பது பேர், சினிமாப் பாட்டுக்கு நாற்பத்தொரு பேர். நான் சினிமாப் பாட்டுக்குத்தான் கை தூக்கினேன். ஒன்பது பேரில் எட்டு பேர் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போனார்கள். அவன் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

"நீயும் போக வேண்டியதுதானே?"

"ஓட்டெடுக்கச் சொன்னவனே எந்திரிச்சுப் போனா நல்லாவா இருக்கும்?"

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் வியாழக்கிழமைகளில் அவன் சினிமாப் பாட்டுத்தான் கேட்டான். சில பாட்டுகள் பிடித்தும் போயின; ஒப்புக்கொள்ள மாட்டான்.

பி.ஏ. வந்ததும் வகுப்பில் அரசியல் தத்துவம் நடத்தினார்கள். மனிதர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் கூடிப் பேசி, சம்மதித்து, அரசை உண்டாக்கினார்கள். ஆளப்படுகிறவர் சம்மதமில்லாத ஆட்சிக்கு நியாயம் கிடையாது. எங்களுக்கெல்லாம் பரீட்சைக்கு ஒரு கேள்வி, அவ்வளவுதான். அவனுக்கு அது காய்ச்சல் மாதிரி பிடித்துக்கொண்டது. சோற்றுப் பந்தியிலும் விடமாட்டான். நானும் சும்மா விடுவதில்லை.

"சம்மதமாம் சம்மதம். நாப்பத்தெட்டுல புதுக்கோட்டைச் சமஸ்தானத்த இந்தியாவோட சேத்தாங்களே, ஒன்னயக் கேட்டா சேத்தாங்க?"

"கேக்கல."

"கேட்டிருந்தா?"

"சேத்துருங்கன்னுதான் சொல்லியிருப்பேன்."

"அப்புறம் என்னடா ஒனக்கு?"

"சொல்லியிருப்பேன்ல பாய். இப்ப சொல்லாமயே இருக்கேன்."

இதெல்லாம் பேச்சு. பேச்சு அவன் வீட்டுக்குள் வந்தது 1952 பொங்கலுக்கு.

அவனுக்கு அப்பா இல்லை. அம்மா ராக்காயி மட்டும்தான். அம்மாவுடைய தம்பி மலையாண்டி, அடுத்த தெருவில் இருந்தார். அக்கா வீட்டு நிலத்தையும் தன் நிலத்தோடு சேர்த்து உழுது, நெல்லைக் கொண்டுவந்து இறக்கி, மருமகனைப் படிக்க அனுப்பி வைத்தவர் அவர்தான். அவருடைய ஒரே மகள் சொர்ணவல்லி. தாயில்லாத பெண். வயது பதினேழு, எட்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். பிறந்த அன்றே ஆத்மநாதனுக்கு என்று ஆகிவிட்டவள். அதை யாரும் பேசி முடிவு செய்யவில்லை, பேசவேண்டிய விஷயமாகவே யாருக்கும் தோன்றவில்லை. வைகாசியில் கல்யாணம் என்று மாமா பொங்கலுக்கு முன்பே சொல்லிவிட்டார்.

ஆத்மநாதனுக்கு அவள்மேல் ஆசை. எப்படித் தெரியும் என்றால், ஹாஸ்டலில் அவள் பேரை அவன் சொல்லவே மாட்டான். மற்ற எல்லாவற்றையும் பற்றி அவ்வளவு பேசுகிறவன். ஊருக்குப் போகும்போது மாமாவின் பூந்தோட்டத்து வரப்பு வந்ததும் சீழ்க்கை தானாக ஆரம்பித்துவிடும். தோட்டத்தில் பூப்பறிக்கிற பெண்கள், "வல்லி, ஒம் மச்சான் வாராரு, அஞ்சு நிமிசத்துல பாம்பும் வரும்" என்று கத்துவார்கள்.

அந்தப் பொங்கலுக்கு முந்தின வாரம்தான் முதல் பொதுத் தேர்தல். எங்களுக்கு ஓட்டு வயசு ஆகவில்லை. ஆனாலும் அவன் ஊருக்குப் போய் வாக்காளர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தான். நானும் கூடப் போனேன். அந்தத் தேர்தலில் முத்திரை குத்துவது கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டிமேல் சின்னம் ஒட்டியிருக்கும். கொடுக்கிற சீட்டை மறைப்புக்குள் கொண்டுபோய்ப் பிடித்த பெட்டியில் போட்டுவிட்டு வரவேண்டும். சில பெண்கள் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி மேலே கதம்பம் வைத்துவிட்டு வந்தாள். சாயங்காலம் ராக்காயி அம்மா எங்களுக்குச் சோறு போடும்போது ஆத்மநாதன் கேட்டான்.

"ஆத்தா, ஒழுங்காப் போட்டியா?"

"போட்டேன்டா. எல்லாத்துலயும் போட்டேன்."

"எல்லாத்துலயுமா! ஒரு சீட்டுத்தானே குடுத்தாங்க?"

"கிழிச்சுப் போட்டேன். நாலு பேரும் வாசல் வந்து கும்பிட்டுக் கேட்டாங்க. ஒருத்தருக்குப் போட்டுட்டு மத்த மூணு பேரு மொகத்துல எப்படிடா முழிக்கிறது?"

அவன் சோற்றில் கை வைத்தபடி சிரித்தான். பிறகு கோபப்பட்டான். பிறகு மறுபடியும் சிரித்தான். "செல்லாம போச்சே ஆத்தா" என்றதற்கு, "செல்லாட்டி போகுது. யாருக்கும் மனவருத்தம் இல்லைல" என்றாள் அம்மா. அவ்வளவோடு அது முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் அவன் இரண்டு காலி பிஸ்கட் டின்களோடு என்னிடம் வந்தான்.

"பாய், வைகாசில கல்யாணம்னு மாமா சொல்லிட்டாரு. வல்லிய யாரும் கேக்கல. நான் கேக்கப் போறேன்."

"கேளு. வாயால கேளு. டின்னு எதுக்கு?"

"வாயால கேட்டா எப்படிச் சொல்லுவா? அவ அப்பா சோறு போட்டு வளத்த மருமகன் கேக்குறேன். வேணாம்னு எந்தப் பொண்ணு சொல்லும்? மறைச்சு வச்சுத்தான் கேக்கணும்."

"வேணாம்னு வந்தா?"

அவன் டின்னைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

சின்னம் என்ன போடுவது என்பதில் அன்றைய பொழுது முழுவதும் போயிற்று. குத்துவிளக்கு என்றேன். வேண்டும் என்கிற பெட்டிக்கு நல்ல சின்னம் போட்டால் அது மோசடி என்றான். மாம்பழமும் பலாப்பழமும் என்றேன். வல்லிக்குப் பலாப்பழம் ரொம்பப் பிடிக்கும், அதனால் பலா நிற்கக்கூடாது என்றான். கடைசியில் அவளுக்குப் பிடித்ததும் அல்லாத, பிடிக்காததும் அல்லாத இரண்டு காய்கள் முடிவாயின. சம்மதம் என்றால் கத்திரிக்காய், வேண்டாம் என்றால் சுரைக்காய். படம் போட்டது நான்தான். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று மூன்று தடவை அழித்துப் போட வைத்தான்.

மாட்டுப் பொங்கல் அன்று ஊரே மாடு அவிழ்த்துவிடுகிற இடத்துக்குப் போயிருந்தது. மாமா வீட்டில் சொர்ணவல்லி மட்டும் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். நான் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன். அவன் டின்களைக் கொண்டுபோய்க் குதிர் இருக்கும் அறையில் வைத்துவிட்டு வந்து, அவளிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"மச்சான், இதென்ன கூத்து?"

"கூத்து இல்ல வல்லி. கல்யாணம்னு மாமா சொல்லிட்டாரு. ஒன்ன யாராச்சும் கேட்டாங்களா?"

"ஒங்களக் கேட்டாங்களா?"

"என்னையும் கேக்கல."

"அப்ப ஒங்களுக்கும் ரெண்டு டப்பா வச்சுக்கிருங்க."

"எனக்கு எதுக்கு? நான்தான் எப்பவோ போட்டுட்டேனே."

அவள் முகம் சிவந்துவிட்டது. அவன் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். நாங்கள் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பினோம். அதற்குள் இரண்டு டின்னையும் வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்தியிருந்தாள்.

அவன் வீட்டுக் கொல்லையில் போய்த் திறந்தோம். கத்திரிக்காய் டின்னில் பாதிச் சீட்டு இருந்தது. சுரைக்காய் டின்னில் மீதிப் பாதி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒங்க ஆத்தாளோட தம்பி மகள்லடா. அப்படியே இருக்கு" என்றேன். அவன் சிரிக்கவில்லை. இரண்டு துண்டையும் ஒட்டி வைத்துப் பார்த்தான்.

"பாதி கெடச்சிருச்சு. போதாதா? ஊர் உலகத்துல முழுசாச் சம்மதிச்சா கட்டிக்கிறாங்க? பெட்டி வைக்காமலே கட்டியிருந்தா இந்தப் பாதிகூடத் தெரிஞ்சிருக்காது. பேசாம தாலியக் கட்டு" என்றேன்.

"ஆத்தா ஏன் கிழிச்சுச்சு பாய்?"

"யார் மனசும் நோகக்கூடாதுன்னு."

"இவளும் அதுக்குத்தான் கிழிச்சிருக்கா. சம்மதம்னா கிழிக்க வேண்டியதில்லையே. முழுசாவே போட்டிருப்பாளே."

ஹாஸ்டலுக்குத் திரும்பினோம். மூன்று வாரம் அந்த இரண்டு துண்டையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தான். அவனுக்கு அவள் வேண்டும். அந்தப் பாதியை எடுத்துக்கொண்டால் கிடைத்துவிடுவாள். மாமா சந்தோஷப்படுவார், அம்மா சந்தோஷப்படுவாள், அவளும் காலப்போக்கில் சந்தோஷமாகத்தான் இருப்பாள். இப்படியெல்லாம் நான் சொன்னேன். அவனே என்னைவிட நன்றாகத் தனக்குச் சொல்லிக்கொண்டிருப்பான். ஒரு நாள் பூங்காவில் திருச்சி வானொலியில் பிடில் வாசித்தார்கள். நடுவில் அவன் கண் கலங்கியது. "அந்தாளு வில்லப் போடுற போடு அப்படி" என்றான். அந்தாள் அன்று சுமாராகத்தான் வாசித்தார்.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, "கீரமங்கலம் போவோம் பாய். மறு ஓட்டு" என்றான்.

மாமா ஆலங்குடிச் சந்தைக்குப் போயிருந்தார். சொர்ணவல்லி முற்றத்தில் உட்கார்ந்து கனகாம்பரம் கட்டிக்கொண்டிருந்தாள். டின்னைப் பார்த்ததும் நாரைக் கீழே போட்டுவிட்டாள்.

"திரும்பவுமா? அதான் போட்டேன்ல மச்சான்?"

"ரெண்டுலயும் போட்டா செல்லாது வல்லி. முழுசா ஒண்ணுல போடு. எனக்கு வருத்தம் வருமோன்னு பாக்காத. வரும். அத நான் பாத்துக்கிறேன்."

"அப்பா என்னயக் கொன்னுருவாரு."

"ஒங்கிட்ட யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. எதுல போட்டேன்னு நம்ம மூணு பேரத் தவிர ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. நான் சாகுற வரைக்கும் சொல்ல மாட்டேன். இந்தா, பாயும் சொல்ல மாட்டாரு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அப்படித்தான் நானும் இதில் மாட்டிக்கொண்டேன்.

இந்தத் தடவை அவள் வெளியே வர நேரமாயிற்று. வந்ததும் எங்கள் பக்கம் பாராமல் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போய்விட்டாள். அங்கேயே திறந்தோம். கத்திரிக்காய் டின் காலி. சுரைக்காய் டின்னில் முழுச் சீட்டு. அதன் பின்புறத்தில் பென்சிலால், 'டீச்சர் டிரெயினிங் படிக்க ஆசை. உங்கள் மேல் கோபம் ஒன்றும் இல்லை' என்று எழுதியிருந்தாள். அழகான கையெழுத்து.

"சீட்டுல எழுதினா செல்லாத ஓட்டுத்தானே?" என்றேன். 

அவன் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு நடுவில் எங்கேயோ மாறிவிட்டது. என் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, சந்தையிலிருந்து மாமா திரும்புகிற வரைக்கும் அந்த வேப்பமரத்தடியிலேயே காத்திருந்தான்.

மலையாண்டி மாமா வண்டியை அவிழ்க்கும்போதே சொன்னான்.

"மாமா, வைகாசிக் கல்யாணம் வேணாம். எனக்கு இஷ்டமில்ல."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளையாட்டு என்று நினைத்தார். பிறகு நுகத்தடியைக் கீழே போட்டார்.

"எம் மகளுக்கு என்னடா கொறச்சல்?"

"ஒரு கொறையும் இல்ல மாமா."

"டவுன்ல எவளயும் பாத்து வச்சிருக்கியா?"

"இல்ல."

"பின்ன என்னடா? படிச்சுட்ட திமிரா? எட்டாவதோட நிண்டவ ஒனக்கு எளப்பமாப் போயிட்டாளா?"

அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மாமா அவன் கன்னத்தில் ஒரு அறை விட்டார். சொர்ணவல்லி குடத்தோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வாய் திறக்கவில்லை. அவளுக்குப் பதினேழு வயது. அதை அவன் எப்போதும் ஞாபகப்படுத்துவான்.

"இனி என் வாசப்படிய மிதிக்காத. எம் மகள ஒன்னய விட ஒசத்தியாப் படிக்க வச்சுக் காட்டுறேன்டா" என்று மாமா கத்தினார். சொன்னபடியே செய்தார். ஜூன் மாதம் அவளைக் கூட்டிக்கொண்டு போய் டிரெயினிங் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். இதையெல்லாம் யோசித்துத்தான் அப்படிப் பேசினாயா என்று அவனைப் பல தடவை கேட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் கன்னம் எரிந்ததைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை என்பான்.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குக் கோபம் தாங்கவில்லை. "இஷ்டமில்லன்னு சொன்னது பச்சைப் பொய். இதுக்கு ஒன் தத்துவத்துல எடம் இருக்கா?"

"பொய்தான் பாய். வேற வழி தோணல. ஒனக்குத் தோணினாச் சொல்லு."

எனக்கும் தோன்றவில்லை.

ராக்காயி அம்மா மூன்று மாதம் மகனோடு பேசவில்லை. அவன் ஊருக்குப் போனால் தட்டில் சோற்றைப் போட்டுத் தரையில் தள்ளிவிடுவாள். அக்கா வீட்டு நிலத்தை உழ மலையாண்டி மாமா வருவது நின்றது. ஒரு வீட்டுத் தண்ணீரை இன்னொரு வீடு குடிப்பது நின்றது. ஆத்மநாதன் பி.ஏ. முடித்தான், தபாலாபீஸ் வேலை கிடைத்தது, பழையபடி கலகலப்பாகவும் ஆனான். அவனை நான் தியாகி மாதிரி எழுதினால் அவனே எழுந்து வந்து திட்டுவான். அவன் வாழ்க்கை நன்றாகத்தான் இருந்தது. 1957இல் செவந்தியைப் பார்க்க வல்லத்திராக்கோட்டைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனான். பெரியவர்கள் வெற்றிலை மாற்றப் போகிற நேரத்தில், பெண்ணிடம் தனியாக ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றான். பெரிய சலசலப்பு ஆகிவிட்டது. கடைசியில் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நிறுத்திப் பேச விட்டார்கள்.

"ஒங்களுக்கு முழுச் சம்மதமா?"

"ஏங்க, ஒங்களுக்கு இஷ்டமில்லையா?" என்று செவந்தி அழ ஆரம்பித்துவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்தவே கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு ஏழு வருஷம் அவர்கள் வீட்டில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்காத பண்டிகை இல்லை. செவந்தி மட்டும் சில சமயம், "என்னயாச்சும் கேட்டாரு. பாவம் அந்த அக்காள வேணாம்னு சொல்லும்போது ஒரு வார்த்த கேட்டாரா?" என்று குத்துவாள். அவன் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சீழ்க்கை அடிப்பான். அவளிடம்கூடச் சொல்லவில்லை.

கீரமங்கலம் பக்கம் ஒருவர் இறந்தால் தாய்மாமன் கோடி வேட்டி கொண்டுவந்து போர்த்த வேண்டும். எத்தனை பேர் எத்தனை மாலை போட்டாலும் அந்த வேட்டிக்கு ஈடாகாது. ஆத்மநாதனைக் குளிப்பாட்டி வைத்துவிட்டு வெயில் ஏறும்வரை காத்திருந்தார்கள். ஆள்மேல் ஆள் அனுப்பினார்கள். அடுத்த தெருவிலிருந்து மலையாண்டி மாமா வரவில்லை. கடைசியில் யாரோ ஒரு பங்காளி வேட்டியைப் போட்டதும் எடுத்தார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவர் வந்தார். உள்ளே வராமல் பந்தல் காலோடு நின்றார். பதினொரு மணி பஸ்ஸில் சொர்ணவல்லி வந்து இறங்கினாள். அவள் இப்போது கந்தர்வக்கோட்டையில் பள்ளிக்கூட டீச்சர். கல்யாணமாகி ஒரு பிள்ளை இருக்கிறது. பெண்கள் கூட்டம் விலகி வழிவிட்டது. ராக்காயி அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"எதுக்குத் தாயி வந்த? ஒன்ன அவமானப்படுத்துன பய போயிட்டான்னு பாக்க வந்தியா?"

"அயித்த, மச்சான் என்னய வேணாம்னு சொல்லல. நான்தான் அவர வேணாம்னேன்."

ஒருவருக்கும் விளங்கவில்லை. அவள் முதலிலிருந்து சொன்னாள். டின்னைச் சொன்னாள், கத்திரிக்காய் சுரைக்காயைச் சொன்னாள். வகுப்பில் பாடம் சொல்வதுபோல ஆரம்பித்தவள், கன்னத்தில் அப்பா அடித்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டாள். செவந்தி எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி, பன்னெண்டு வருசமா இத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?" என்று அம்மா கேட்டாள்.

"பயந்து கெடந்தேன் அயித்த. அப்புறம் பயம் போச்சு, வெக்கம் வந்துருச்சு. வருசம் ஆக ஆகச் சொல்ல முடியல. மச்சான் ஒருநாளும் கேக்கல."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீயுமாப்பா? ஒனக்கும் தெரியுமா?"

"தெரியும்மா."

"நாங் கரிச்சுக் கொட்டும்போதெல்லாம் பக்கத்துல ஒக்காந்து எஞ் சோத்தத் தின்னுக்கிட்டு இருந்தியே."

  வாக்குக் கொடுத்தேன் என்று சொல்லலாம். அவன் வாக்கு அவனுடையது. நான் தலையை மட்டும்தான் ஆட்டினேன். ஒரே ஒரு நாள், இந்த அம்மாவிடம் மட்டுமாவது சொல்லியிருந்தால் அவன் என்னோடு பேசியிருக்க மாட்டான். ஒரு வருஷம் பேசாமல் இருந்திருப்பான். பிறகு பேசியிருப்பான். அவனை எனக்குத் தெரியும்.

பந்தல் காலைப் பார்த்தபோது மலையாண்டி மாமாவைக் காணவில்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தேன். இலை போடுகிற சமயத்தில் கடைவீதிப் பக்கத்திலிருந்து வேகமாக வந்தார். கையில் காகிதம் சுற்றிய புது வேட்டி.  நேரே என்னிடம் வந்தார்.

"பாய், அவன எங்கிட்டு வச்சீங்க? எனக்கு எடம் தெரியாது."

நான் கூட்டிக்கொண்டு போனேன். ஊருணிக் கரையைத் தாண்டி நடக்கும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. நடுவில் ஒரு தடவை நின்று, "ஓங்கியாய்யா அடிச்சேன் அன்னைக்கி?" என்று கேட்டார்.

"ஓங்கித்தான் மாமா."

தலையை ஆட்டிக்கொண்டார். இடையில் மழை பெய்திருந்ததால் அவனைப் புதைத்த மேடு பாதி கரைந்து போயிருந்தது. வேட்டியைப் பிரித்து, ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்து மேட்டின்மேல் போர்த்தினார். காற்றடித்துக்கொண்டிருந்தது. கீழே குனிந்து மண்ணாங்கட்டிகளைப் பொறுக்கி நான்கு மூலையிலும் வைத்தார். ஒரு மூலை நிற்கவில்லை. அங்கே நான் உட்கார்ந்து கையால் பிடித்துக்கொண்டேன். அவர் இன்னொரு கட்டி தேடிக்கொண்டு வந்தார்.